அப்பா விலையைக் குறைக்கமாட்டார்

ஜூன் 4, செவ்வாய்

மூன்றாவது முறையாக என் மாடலைத் திருப்பி அனுப்பிவிட்டாள் ‘ஏன்’.

அந்தப் பட்டப்பெயரை அவளுக்கு வைத்தது நான்தான். சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறாள். நாங்கள் எழுதும் எந்த விலைக் கணக்கும் அவள் கையெழுத்து இல்லாமல் நடைமுறைக்கு வராது. கையெழுத்துக்குப் பதிலாகப் பக்க ஓரங்களில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதி அனுப்புவாள். இன்று எண்ணிப் பார்த்தேன், இரண்டு பக்க விளக்கத்தில் பதினேழு ஏன். தேதிக்குப் பக்கத்தில்கூட ஒன்று. (பார்த்தால் போன வருடத் தேதி. அது வேறு விஷயம்.)

எங்கள் பிரிவுத் தலைவி கத்திரி கூப்பிட்டு, “தம்பி, நீ செய்யறத உங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாரு. அப்பத்தான் உனக்கே புரியும்” என்றார். யார் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு, அதனால் கத்திரி. எனக்குப் புரியாதாம். சரி, இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு கம்பெனிக்கு நூறு கடன் கொடுக்கிறோம். அது ஒரு பத்திரம் தருகிறது. தவணை முடிந்ததும் நூறை வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் அந்தக் கம்பெனியின் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம் — ஒரு பங்கு இருபது என்ற கணக்கில் ஐந்து பங்கு. அந்த இருபதுதான் மாற்று விலை. பங்கு முப்பதுக்குப் போனால் நமக்குக் கொண்டாட்டம். பதினான்குக்கு விழுந்தால் எந்த மடையனும் மாற்றமாட்டான். அப்போது கம்பெனி மாற்று விலையைக் குறைக்கலாம். இருபதைப் பதினான்கு ஆக்கினால் ஐந்துக்குப் பதில் ஏழு பங்கு கிடைக்கும். கம்பெனிக்கு எதற்கு இந்தத் தாராளம் என்றால், கடனைத் திருப்பித் தர யாருக்கும் பிடிக்காது. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் பங்குதாரர்கள் ஆகிவிட்டால் தரவே வேண்டாம் பாருங்கள்.

பாருங்களா? யாரைப் பார்க்கச் சொல்கிறேன், அம்மாவையா?

இந்த வகைப் பத்திரத்துக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம் என்று சொல்வதுதான் என் மாடல். மாற்று விலை எப்போது குறையும் என்பதுதான் இதில் சிக்கலான இடம். முப்பது வேலை நாளில் பதினைந்து நாள் பங்கு பதினேழுக்குக் கீழே முடிந்தால், குறைக்கும் உரிமை கம்பெனிக்கு வருகிறது. உரிமை வந்த அன்றே குறைத்துவிடுவார்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். அதுதானே அவர்களுக்கு லாபம்? லாபமானதைச் செய்ய யாருக்கு வலிக்கிறது?

இந்த வரிக்குப் பக்கத்தில்தான் மிகப் பெரிய ‘ஏன்?’. அடியில் இரண்டு கோடு வேறு.

ஜூன் 5, புதன்

விளக்கம் நாற்பது பக்கம் இருக்க வேண்டுமாம். மாடலே நாற்பது வரிதான்.

ஜூன் 7, வெள்ளி

இன்று நேராக அவள் மேஜைக்கே போய்விட்டேன். மேஜையில் ஒரு குவளை நிறையப் பென்சில்கள், எல்லாம் ஊசி போலச் சீவி, முனை மேலே பார்க்க. இப்படி வைத்திருப்பவர்களிடம் யாரும் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது.

“குழாய்க் கம்பெனி பத்திரத்தை எடுத்துக்குங்க. இன்னிக்கு பதினஞ்சாவது நாள். உரிமை வந்தாச்சு. அவங்க ஏன் குறைக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்றேன்.

“குறைப்பாங்கன்னு சொல்றது நீங்க. காரணம் சொல்ல வேண்டியதும் நீங்கதான்.”

“லாபம், மேடம்!”

“யாருக்கு?”

“கம்பெனிக்கு.”

“கம்பெனின்னா யாரு? கட்டடமா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான். அடுத்த வெள்ளிக்குள் குழாய்க் கம்பெனி மாற்று விலையைக் குறைக்கவில்லை என்றால் ஒரு மாதம் அவள் பென்சில்களைச் சீவித் தருவதாகப் பந்தயம் கட்டிவிட்டேன். குறைத்தால் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட வேண்டும். யோசிக்காமல் “சரி” என்றாள். முதல் முறையாக ‘ஏன்’ என்று கேட்காமல் ஒன்றை ஒப்புக்கொண்டாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

என் மாடல்படி அந்தப் பத்திரம் நூற்றுப் பதினாறு பெறும். சந்தையில் நூற்றாறுக்குக் கிடக்கிறது. கத்திரியிடம் சொன்னேன். “பத்து வித்தியாசமா? அப்படின்னா சந்தையில இருக்கறவன் பூரா முட்டாள், இல்ல நீ ஒருத்தன் முட்டாள்” என்றார். இருந்தாலும் கொஞ்சம் வாங்கி வைத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் காரைப் பார்க்க ஒருவர் வந்தார், ஒருவர் போனார். இரண்டும் ஒரே ஆள்.

அப்பா காரை விற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கடைசிப் பதினான்கு வருடம் கருவிப் பெட்டியோடு ஊரெல்லாம் ஓடியது இந்த நீலக் காரில்தான். ஓய்வு பெற்ற பிறகு கார் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. இஞ்சின் நன்றாக இருக்கிறது. முன்பக்க இடது கண்ணாடி மட்டும் பட்டனுக்கு இறங்காது. பட்டனை அழுத்திக்கொண்டே உள்ளங்கையால் கண்ணாடியைக் கீழே தள்ள வேண்டும். இந்த ரகசியம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

கேட்கும் விலை தொண்ணூற்றிரண்டாயிரம். வருபவர்கள் எழுபது, எழுபத்தைந்து என்கிறார்கள். அப்பா அசைந்து கொடுப்பதில்லை. “விலை அதுதாங்க” என்று சொல்லிவிட்டுக் காரைத் துடைக்கப் போய்விடுகிறார்.

இன்று அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கார் நிற்கும் இடத்தில் கூரை போட்டுத் தையல் மெஷின் இரண்டை இறக்கி வகுப்பு நடத்த வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “இத பாருங்க, இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் டைம். அதுக்குள்ள விக்கல, எங்கண்ணன வரச் சொல்லி சும்மாவே ஓட்டிட்டுப் போகச் சொல்லிடுவேன்” என்றாள்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமாவுக்கு எங்கள் வீட்டில் ‘சும்மா மாமா’ என்றே பெயர். இதுவரை எங்கள் வீட்டிலிருந்து ஒரு சைக்கிள், ஒரு கட்டில், நான் பத்தாவதில் வாங்கிய கேரம் போர்டு எல்லாம் சும்மா போயிருக்கின்றன. கேரம் போர்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இருந்தும் அப்பா விலையைக் குறைக்கவில்லை. இதைவிட முரண்டு பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. குறைத்தால் அன்றைக்கே விற்கும். சும்மா மாமாவிடமிருந்து தப்பிக்கலாம். லாபம் கண்ணெதிரே நிற்கிறது!

ஜூன் 11, செவ்வாய்

குழாய்க் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு எதுவும் இல்லை. இயக்குநர் குழு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

இல்லை.

நான்கு பென்சில் சீவினேன். அவை என்ன எழுதப்போகின்றன என்று தெரிந்தே சீவினேன்.

ஜூன் 17, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் குழாய்க் கம்பெனி வாயைத் திறந்தது. ‘மாற்று விலையைக் குறைக்கும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.’ ஒரே வரி. பங்கு பதினான்கை ஒட்டி வந்துவிட்டது. பத்திரம் நூற்று மூன்று.

கத்திரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, உனக்கு நூத்துப் பதினாறு, எனக்கு நூத்தி மூணு. என்ன பண்ணலாம் சொல்லு?” என்றார். பிறகு அவரே சொன்னார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்குள் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மாடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெளியே வாங்கிய பழைய கணக்கையே தொடர்வார்கள். நான் அறிக்கைப் பிரிவுக்குப் போவேன்.

அறிக்கைப் பிரிவு! அடுத்தவன் போட்ட அட்டவணைக்குக் கரை போட்டு, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, பக்க எண் சரியா என்று பார்க்கும் இடம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. ஜன்னல் ஓரம் ஒரு செடி வளர்க்கிறார்கள், அதற்கு முறை போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் படித்த படிப்பென்ன, அந்தச் செடியென்ன!

ஜூன் 18, செவ்வாய்

பென்சில் சீவும்போது எரிச்சலில் அவளிடம் கொட்டிவிட்டேன்.

“உலகமே எங்கப்பா மாதிரிதான் இருக்கு போல. குறைச்சா நல்லது, ஆனா குறைக்க மாட்டேன்!”

“உங்கப்பா எதைக் குறைக்க மாட்டேங்கறார்?”

கார் கதை முழுவதையும் சொன்னேன். அம்மாவின் கெடு, சும்மா மாமா, கேரம் போர்டு வரை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆரம்பித்தது விசாரணை. எத்தனை வருடக் கார்? எவ்வளவு ஓடியிருக்கிறது? அம்மா சொன்னால் சொன்னபடி செய்வார்களா? எந்தத் தேதி என்றீர்கள், முப்பதா? அன்று என்ன கிழமை?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு ‘ஏன்’கூட இல்லாமல் அவள் பேசியது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசியில்தான் கேட்டாள். “அப்ப உங்கப்பா எப்பக் குறைப்பார்னு நினைக்கறீங்க?”

“குறைக்கவே மாட்டார்.”

“இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் கூடவா?”

ஜூன் 20, வியாழன்

பிடித்துவிட்டேன். பிடித்தே விட்டேன்!

அந்தப் பத்திரங்களில் இன்னொரு விதி இருக்கிறது. மாடலில் அதை நான் கடைசியில், ஒப்புக்குச் சேர்த்திருந்தேன். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு, பங்கு மாற்று விலையில் எழுபது சதவீதத்துக்கும் கீழே கிடந்தால், பத்திரம் வைத்திருப்பவர்கள் “இந்தா உன் பத்திரம், எடு என் பணத்தை” என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அதாவது அம்மாவின் முப்பதாம் தேதி.

கம்பெனி என்றால் யார் என்று அவள் கேட்டாளே. குழாய்க் கம்பெனியில் முக்கால்வாசிப் பங்கு தலைவர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. மாற்று விலையைக் குறைத்தால் புதிய பங்குகள் பெருகும், குடும்பத்தின் பிடி தளரும். அதனால் உரிமை வந்த அன்று குறைக்கமாட்டார்கள், அடுத்த மாதமும் குறைக்கமாட்டார்கள். எல்லோரும் வாசலில் வந்து பணம் கேட்கப்போகிறார்கள் என்றால்தான் குறைப்பார்கள். அதுவும் கடைசி நேரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாக் கம்பெனிகளின் பழைய அறிவிப்புகளையும் உட்கார்ந்து படித்தேன். ஐம்பத்திரண்டு தடவை விலை குறைத்திருக்கிறார்கள். அதில் முப்பத்தேழு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்துக்குள். உரிமை வந்த உடனே குறைத்தவை நான்கே நான்கு.

குழாய்க் கம்பெனிக்கு அந்தத் தேதி ஜூலை 15. அதற்கு முன் குறைப்பார்கள். புதிய கணக்கில் பத்திரத்தின் விலை நூற்றேழு.

ஆனால் ஒன்று இடிக்கிறது. கம்பெனித் தலைவருக்குக் குடும்பப் பிடி. அப்பாவுக்கு என்ன பிடி? பதினான்கு வருடப் பழைய காரில் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் காரணம் தெரியாமல் உதாரணம் முழுமையாகாது. அப்பாவைக் கேட்டால் “விலை அதுதான்டா” என்பார்.

வேறு வழி ஒன்று தோன்றுகிறது. கொஞ்சம் அயோக்கியத்தனமானதுதான்.

ஜூன் 22, சனி

ஆபீஸ் பக்கத்து இருக்கைக்காரனின் போனை இரவல் வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். விளம்பரம் பார்த்ததாகச் சொன்னேன். சார் என்ன பண்றீங்க என்று கேட்டார். இதற்கு நான் தயாராக இல்லை. எதிரே ஒரு பற்பசை விளம்பரப் பலகை. “பல் டாக்டர்” என்றேன்.

வினை அங்கேதான்.

“அடடா, நல்லதாப் போச்சு டாக்டர்! கீழ கடைவாய்ப் பல்லு ஒரு வாரமா குடையுது. ஜில்லுனு குடிச்சா உச்சந்தலை வரைக்கும் ஏறுது. என்ன பண்ணலாம்?”

ஒரு வாரமாகப் பல்வலி, வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். வேறென்ன தெரியும் எனக்கு? “ஒரு நாளைக்கு எத்தனை தடவை?” என்றார். “மூணு” என்றேன். எழுதிக்கொண்டார் — பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.

பிறகு விலைக்கு வந்தேன். அறுபது கேட்டேன். சிரித்தார். எழுபது கேட்டேன். சிரிக்கவில்லை. “அவ்வளவு பிடிவாதம் ஏங்க? குறைச்சா இன்னிக்கே வித்துடுமே?” என்றேன்.

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

“இந்த விலை நான் போட்டதில்ல டாக்டர். எம்பையன் போட்டது. பெரிய ஆபீஸ்ல விலை போடறதுதான் அவன் வேலையே. அவன் உக்காந்து கணக்குப் பண்ணி தொண்ணூத்தி ரெண்டுன்னான். நான் பாட்டுக்கு எழுபதுக்குத் தள்ளிவிட்டா, அவன் போட்ட கணக்குக்கு என்னங்க மரியாதை?”

கைக்குட்டை வாயிலேயே இருந்தது. நல்லவேளை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

உட்கார்ந்து கணக்குப் பண்ணினேனாம். நான் உட்காரக்கூட இல்லை. ஏப்ரலில் ஒரு காலை, ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, அப்பா கேட்டார் என்பதற்காகப் போனில் இரண்டு நிமிடம் தட்டிச் சொன்ன எண் அது.

அந்தக் கணக்கை இன்று திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதே வயது, அதே ரகக் கார்கள் முப்பத்தொன்றின் விலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்றும் விளம்பரத்தில் இருந்தவை. விற்றுப்போன கார்கள் விளம்பரத்திலிருந்து போய்விடுமே! அதாவது எனக்குக் கிடைத்தது யாரும் வாங்காத கார்களின் விலை. விற்காத விலைகளைக் கூட்டி வகுத்து, “இந்த விலைக்கு விற்கும்” என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். கல்லூரியில் முதல் வருடப் பையன் இதைச் செய்தால் வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பார்கள்.

விற்ற விலைகளைத் தேடி எடுத்தேன். எழுபத்துநான்கு.

போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி.

அப்பா குளியலறையில் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 24, திங்கள்

சொல்லவில்லை. மாடல் வேலை இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

மாடல் வேலை.

ஜூன் 26, புதன்

நான்காவது பதிப்பை அனுப்பினேன். பதினோரு பக்கம். நானே எழுதினேன் என்று நம்ப முடியவில்லை. ஐம்பத்திரண்டு அறிவிப்புகளும் அட்டவணையாக உள்ளே.

அம்மா மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள். ஞாயிறு காலை பத்தரைக்கு வருகிறாராம். “சாவி ரெண்டு இருக்கா?” என்று கேட்டாராம்.

ஜூன் 27, வியாழன்

பதினோரு பக்கமும் திரும்பி வந்தன. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு ‘ஏன்’. ஏழாம் பக்கத்தில், ‘விலைக் குறைப்பு பற்றிய அனுமானம் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்ற வரிக்குப் பக்கத்தில்.

போனேன். கையில் நான் சீவிய பென்சில்.

“மேம்படுத்தினீங்களா? இல்ல, முன்னாடி தப்பா இருந்துச்சா?” என்றாள்.

“இப்ப சரியா இருக்கில்ல? அப்புறம் என்ன?”

“உங்க மேடம் உங்க பழைய கணக்கை நம்பிப் பத்திரம் வாங்கியிருக்காங்க. நாளைக்கு இதை எடுத்துப் பார்க்கறவங்களுக்கு எது, எதனால தப்பாச்சுன்னு தெரிய வேணாமா? அதை எழுதிக் கொடுங்க. அரைப் பக்கம் போதும். கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நாற்பது பக்கம்னு சொன்னீங்க?”

“நாற்பது பக்கம் உங்களுக்கு ஈஸி. அதான் அரைப் பக்கம் கேக்கறேன்.”

கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறாள். இவளை யார் இந்த வேலையில் சேர்த்தது!

ஜூன் 28, வெள்ளி

அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். ‘தரவுகளின் போதாமையால்’ என்று ஆரம்பித்தேன். அடித்தேன். ‘அப்போதைய சந்தைச் சூழலில்’. அடித்தேன். ‘எதிர்பாராத விதமாக’. அடித்தேன். பிறகு ஆறு பென்சில் சீவினேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 29, சனி

சொல்லிவிட்டேன்.

காலை, அப்பா காரின் அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே. முகத்தைப் பார்க்காமல் பேச இதைவிட வசதி கிடைக்காது என்று டயர் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

“அப்பா, அந்த தொண்ணூத்தி ரெண்டு தப்பு.”

ஸ்பேனர் சத்தம் நின்றது.

“நான் போட்ட கணக்கு தப்பு. விக்காத காரோட விலையெல்லாம் எடுத்துட்டேன். அவசரத்துல பண்ணினது. எழுபத்தி நாலுதான் வரும்.”

“தெரியும்டா” என்றன கால்கள்.

“என்ன தெரியும்?”

“ரெண்டாவது ஆள் வந்துட்டுப் போனப்பவே தெரியும். முப்பது வருஷமா ஊரெல்லாம் சுத்தியிருக்கேன், பழைய கார் என்ன விலைன்னு தெரியாதா எனக்கு?”

“அப்புறம் ஏம்ப்பா குறைக்கல? அம்மா கத்தறாங்க, மாமா வேற வர்றாரு...”

“நீ வந்து சொல்லுவன்னு பார்த்தேன்.” திரும்பவும் ஸ்பேனர். “நானா குறைச்சா, அப்பாவுக்கு நம்ம கணக்கு மேல நம்பிக்கையில்லன்னு நினைச்சுக்குவ. நீ அப்படி நினைக்கிற ஆளுதான்.”

வேற யார்கிட்டயாவது இதைச் சொல்லியிருக்கலாமே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றெல்லாம் கேட்க வாயெடுத்தேன் — இல்லை, ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரிடம்.

“பல் வலி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு கால் மடங்கி நீண்டது.

“உப்புத் தண்ணி கேக்கல” என்றார். “நல்ல டாக்டரா பார்க்கணும்.”

சாயங்காலம் விளம்பரத்தில் விலையை மாற்றினோம். எழுபத்துநான்கு. இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம்! அவள் சொன்ன அதே நேரம். எனக்கு எரிந்தது.

ஜூன் 30, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

பத்து மணிக்கு அழைப்பு மணி. மாமா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார் என்று அம்மா கதவைத் திறந்தாள். வாசலில் ‘ஏன்’. பக்கத்தில் அவளுடைய அண்ணன், கையில் டார்ச்.

நான் அரைக்கால் சட்டையில் இருந்தேன். நேராகச் சமையலறைக்குள் ஓடினேன்.

அங்கிருந்தே முழுவதையும் கேட்டேன். ஒரு மணி நேரம் அப்பாவைக் கேள்வி கேட்டாள். பிரேக்கை எப்போது மாற்றினீர்கள்? ஏன் அப்போது? இந்தக் கீறல் ஏன்? பின் டயர் இரண்டும் ஏன் வேறு கம்பெனி? அப்பாவுக்கு இப்படி ஓர் ஆள் முப்பது வருடத்தில் கிடைத்ததில்லை. கருவிப் பெட்டியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்த லிஃப்ட் எங்கே நின்றபோது இந்தக் கீறல் விழுந்தது என்பது வரை கதை போனது. அம்மா மூன்று தடவை டீ கொடுத்தாள், என்னைத் தாண்டித் தாண்டிப் போய். “யாருடா இந்தப் பொண்ணு, உன்னை மாதிரியே உயிரை வாங்குது” என்று என் காதில் வேறு சொன்னாள்.

நடுவில் சும்மா மாமா வந்து சேர்ந்தார். கார் சாவியில் மாட்ட ஒரு சாவி வளையமே வாங்கி வந்திருந்தார்.

எழுபத்தொன்றுக்கு முடிந்தது. மூன்றாயிரம் குறைத்தது அப்பா. கேட்டவுடன் குறைத்தார். என் கணக்கைத் தாங்கிக்கொண்டிருந்தவரை ஒரு பைசா இறங்காத மனிதர்!

சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனேன். “ஓ, இது உங்க வீடா?” என்றாள். என்ன நடிப்பு!

“எப்படித் தெரியும் இன்னிக்கு விலை இறங்கும்னு?”

“நீங்கதானே சொன்னீங்க. முப்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை. பன்னெண்டு நாளா விளம்பரத்தைத் தினமும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கெடு தெரிஞ்சா வாங்கறவன் காத்திருப்பான். உங்க மாடல்ல அதையும் சேர்த்துக்குங்க” என்றாள்.

அப்பா அப்போது பார்த்து ஆரம்பித்தார். “போன வாரம் ஒரு பல் டாக்டர் அறுபதுக்குக் கேட்டாரும்மா. பாவம், அவருக்கே வாயில ஏதோ கோளாறு போல. பேச்சே சரியா வரல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன். அவள் அண்ணன் டார்ச்சை அணைத்தான்.

மாமா சும்மா போகவில்லை. சாவி வளையத்தை அவளிடம் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டுதான்.

ஜூலை 1, திங்கள்

அரைப் பக்கம், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

‘முந்தைய பதிப்பில் மாற்று விலை குறையும் நேரம் பற்றிய அனுமானம் தவறு. லாபம் இருந்தால் உடனே செய்வார்கள் என்று எழுதினேன். யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு என்று பார்க்கவில்லை. பழைய அறிவிப்புகளைப் படித்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். படிக்கவில்லை. பிழை என்னுடையது.’

ஜூலை 2, செவ்வாய்

கையெழுத்தாகிவிட்டது. பென்சிலில் இல்லை, பேனாவில்.

கத்திரி பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். நூற்றேழு என்றேன். “நூத்தஞ்சுன்னு வெச்சுக்கறேன்” என்றார். எங்கே கழிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தே போயிருந்தேன். அறிக்கைப் பிரிவுச் செடி என் கையால் தண்ணீர் குடிக்காது.

ஜூலை 4, வியாழன்

அப்பாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நிஜமான டாக்டர். “முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?” என்று கேட்டார். “போன்ல ஒருத்தர் பார்த்தாரு” என்றார் அப்பா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

ஜூலை 12, வெள்ளி

மாலை நான்கு மணி. சந்தை மூடிய பிறகு குழாய்க் கம்பெனி அறிவித்தது. மாற்று விலை இருபதிலிருந்து பதின்மூன்று. கெடுவுக்கு ஒரே ஒரு வேலை நாள் மிச்சம்.

அவள் மேஜைக்கு ஓடினேன். ஏற்கெனவே பார்த்திருந்தாள். குவளையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். முனை மழுங்கியிருந்தது. பந்தயத்தில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதாம்.

ஜூலை 15, திங்கள்

காலை எட்டு மணி, பேருந்து நிறுத்தம். குழாய்க் கம்பெனி பத்திரம் இன்று எந்த விலையில் திறக்கும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஹாரன் சத்தம். பதினான்கு வருடமாகக் கேட்ட சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

நீலக் கார், சாலை ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளிக் கோணலாக நின்றது. பின்னால் மூன்று வண்டி கத்திக்கொண்டிருந்தன. உள்ளே அவள், ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. இடது கண்ணாடியை இறக்கப் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். இறங்கவில்லை. உள்ளே இருந்தே கத்தினாள்.

“ஏறு, லேட்டாகுது!”

ஏறுங்க இல்லை. ஏறு.

ஏறினேன். உள்ளே இன்னும் அப்பாவின் கிரீஸ் வாசனை. இரண்டாவது சிக்னலில் வண்டி இரண்டு முறை நின்றுபோனது. நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது சிக்னலில், பட்டனை அழுத்திக்கொண்டு உள்ளங்கையால் கண்ணாடியைத் தள்ளிக் காட்டினேன். சத்தமில்லாமல் இறங்கியது.

“இதை ஏன் விளம்பரத்துல போடல?”

“அது... போட்டிருக்கணும்” என்றேன். “தப்புதான்.”

பச்சை விழுந்தது. கிளட்சைப் பார்த்துக்கொண்டே, “தப்புன்னு சொல்லப் பழகிட்ட போலிருக்கே” என்றாள்.